ஊடாடும் பக்கங்களில் வரைபடக் கணக்கு: குந்தா பகுதிப் பத்தாம் வகுப்பு மாணவர்களுடன் ஒரு கல்வியாண்டு

பின்னணி

நீலகிரி மாவட்டம் குந்தா வட்டத்தில், மஞ்சூரிலிருந்து சற்றுத் தள்ளியுள்ள ஓர் ஊரின் சமுதாயக் கூடத்தில் பல ஆண்டுகளாக ஒரு மாலை வகுப்பு நடந்துவந்தது. நடத்தியவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. கட்டணம் கிடையாது. சுற்றியுள்ள ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களிலிருந்தும் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். வீட்டில் படுகு மொழி பேசுபவர்களும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள்.

இந்தக் குறிப்பு சொல்லும் கல்வியாண்டின் தொடக்கத்தில் அந்த வகுப்பு நின்றது. காரணம் கரடி. லைன் வீடுகளிலிருந்து ஊருக்கு வரும் பாதை தேயிலைத் தோட்டத்துக்குள் போகிறது. காட்டெருமை அங்கே எப்போதும் நிற்கும், ஒதுங்கிப் போக எல்லோருக்கும் தெரியும். கரடியிடம் அது செல்லாது. அந்தி நேரத்தில் அடுத்தடுத்துப் பலர் கண்ணில் பட்டதும், ஆறு மணிக்கு மேல் பிள்ளைகளை அனுப்புவதில்லை என்று பெற்றோர் முடிவு செய்துவிட்டார்கள். அதோடு ஜூன் மழையும் சேர்ந்தது. குந்தாப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கினால் மரம் விழும், மின்சாரம் போகும், பள்ளிக்கே விடுமுறை விடுவார்கள்.

ஆகவே இணைய வகுப்பு. இதில் மூன்று பேர் இருந்தோம். பாடம் நடத்தியவர் ஆசிரியை. அவருடைய பழைய மாணவர், இப்போது கோயம்புத்தூரில் இணைய நிரலாளர், ஊடாடும் பக்கங்களை, அதாவது பிள்ளைகள் தொட்டு இழுத்து மாற்றிப் பார்க்கும் இணையப் பக்கங்களை, உருவாக்கினார். வீடுகளோடு பேசுவதும் நடந்ததை எழுதி வைப்பதும் என் பொறுப்பு. மாணவர்கள் இருபது பேருக்கும் குறைவு, எல்லோரும் பத்தாம் வகுப்பு.

வரைபடத்தை (கிராஃபை) முதலில் எடுத்ததற்குக் காரணம் தேர்வுதான். பத்தாம் வகுப்புக் கணிதப் பொதுத்தேர்வில் வடிவியல் வரைதலுக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8 மதிப்பெண். கணிதம் என்றாலே நடுங்கும் பிள்ளைக்குத் தேர்ச்சிக்கான படி அந்த 16 மதிப்பெண்தான். கரும்பலகையில் வரைந்து காட்டியே ஆக வேண்டிய பாடமும் அதுவே.

முதல் வாரங்கள்: காணொளி அழைப்பு

வழக்கமான வழியில்தான் தொடங்கினோம். ஆசிரியை ஒரு வெள்ளைப் பலகைக்கு முன் போனை நிறுத்திவைத்து, காணொளி அழைப்பில் பாடம் எடுத்தார். இதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. படம் உறையும், குரல் உடையும், பிள்ளைகள் கேமராவை அணைத்துவிடுவார்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது டீச்சர்" என்று நாலைந்து குரல் வரும். மற்றவர்கள் இருக்கிறார்களா, டவர் போய்விட்டதா என்பதே தெரியாது. ஒரு நாளுக்கான டேட்டாவில் பெரும்பகுதியை ஒரு மணி நேரம் தின்றுவிடுகிறது என்று வீடுகளில் முணுமுணுப்பு எழுந்தது. பல வீடுகளில் இருந்தது ஒரே போன், அதுவும் அப்பாவோடு தோட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்புவது.

கருவியைத் தேர்ந்தது

தமிழ்நாட்டுப் பாடநூலிலேயே அத்தியாய இறுதியில் இணையச் செயல்பாடு உண்டு. விரைவுக் குறியீட்டை (கியூஆர் கோடை) ஸ்கேன் செய்தால் ஜியோஜீப்ரா பக்கம் திறக்கும். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் 2001-ல் தொடங்கிய மென்பொருள் அது. வடிவத்தை இழுத்தால் சமன்பாடு மாறும், சமன்பாட்டை மாற்றினால் வடிவம் மாறும். ஆசிரியைக்கு அது பழக்கமானது. ஆனால் உலாவியில் முதல்முறை திறக்கும்போது சில மெகாபைட் இறங்க வேண்டும். பாதிப் பிள்ளைகளின் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் உருவாகும் ஃபெட் என்ற ஊடாடும் செயல்விளக்கங்களில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொன்றையும் ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம், பிறகு இணையம் வேண்டாம். ஆசிரியையிடம் இவை தவிர பழைய பயிற்சி முகாம் ஒன்றில் சேகரித்த சுட்டிகளும் ஒரு நோட்டு நிறைய இருந்தன. பெரும்பாலும் உலாவிக்குள் ஓடும் பழைய வகைச் சிறு நிரல்கள்: ஜாவா அப்லெட்டுகளும் ஃபிளாஷ் பக்கங்களும். ஒன்றும் ஓடவில்லை. குரோம் 2015-லேயே ஜாவா செருகுநிரலைக் கைவிட்டது, ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தது. அருமையான பாடங்கள் பல அந்த நோட்டோடு போய்விட்டன என்பதில் அவருக்கு இன்றும் வருத்தம் உண்டு.

கடைசியில் இப்படி முடிவு செய்தோம். ஆசிரியை விளக்கிக் காட்ட ஜியோஜீப்ரா. மாணவர் தாமாகச் செய்ய, நிரலாளர் எழுதும் சிறு பக்கங்கள். அவற்றுக்கு ஜெர்மனியின் பைரோய்ட் பல்கலைக்கழகத்தில் உருவான ஜேஎஸ்எக்ஸ்கிராஃப் என்ற நிரலகத்தை (வரைபடம் வரைய ஆயத்தமாக எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பை) பயன்படுத்தினார். தொடுதிரையில் புள்ளியை விரலால் நகர்த்த அதில் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

பக்கத்தைப் பிள்ளைகளிடம் சேர்ப்பது தனிக் கதை. முதலில் வாட்ஸ்அப்பில் கோப்பாக அனுப்பினோம். சில போன்களில் அது குரோமில் திறக்காமல் போனோடு வந்த எச்டிஎம்எல் வியூவரில் திறந்தது. அதில் ஜாவாஸ்கிரிப்ட் ஓடாது, எழுத்து மட்டும் வந்து நின்றது. பிறகு சர்வீஸ் ஒர்க்கர் முறைக்கு மாறினோம். டவர் உள்ள இடத்தில் ஒரு முறை பக்கத்தைத் திறந்தால் போதும், கோப்புகள் உலாவிக்குள் தங்கிவிடும், அடுத்த முறை இணையமே இல்லாமல் திறக்கும். விடைகளும் போனிலேயே சேமித்து வைக்கப்பட்டு, டவர் கிடைத்ததும் எங்களுக்கு வந்து சேரும். மஞ்சூர் கடைவீதிக்கு யாராவது அந்தப் போனோடு போனால் மூன்று நாள் விடை மொத்தமாக வரும்.

பின்னத்தில் ஒரு சிக்கல் வந்தது. பக்கத்தில் பின்னங்கள் மேத்எம்எல் என்ற, இணையப் பக்கத்தில் கணிதம் எழுதும் குறியீட்டில் எழுதப்பட்டிருந்தன. குரோம் அதை முறையாகக் காட்டத் தொடங்கியது 2023 ஜனவரியில்தான். புதுப்பிக்காத பழைய போன் ஒன்றில் நடுக்கோடு மறைந்து, முக்கால் என்பது 34 என்று தெரிந்தது. அந்த மாணவி சாய்வு 34 என்றே எடுத்துக்கொண்டு வரைந்து, "கோடு நட்டுக்குத்தா நிக்குது டீச்சர்" என்று குரல் செய்தி அனுப்பினார். அவர் வரைந்தது சரி. பக்கம் காட்டியதுதான் தவறு. அன்றிலிருந்து பின்னத்தை மேலும் கீழுமாக இரு வரி, நடுவில் கோடு என்று சாதாரண முறையிலேயே எழுதினோம்.

கவனித்தது: பச்சை நிறம்

முதல் பக்கம் நேர்கோடு. விரலால் இழுக்கும் இரண்டு ஸ்லைடர்கள், ஒன்று சாய்வுக்கு, மற்றது ஒய்-வெட்டுத்துண்டுக்கு (கோடு ஒய் அச்சை வெட்டும் இடத்துக்கு). திரையில் ஒரு சாம்பல் கோடு இருக்கும். ஸ்லைடரை நகர்த்தி உங்கள் கோட்டை அதன்மேல் பொருத்த வேண்டும். பொருந்தினால் கோடு பச்சையாகும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போனது. தம்பி தங்கைகள்கூடப் பிடுங்கி விளையாடினார்கள். எங்களுக்கு வந்த பதிவுகளில் ஏறக்குறைய எல்லாம் சரி.

பள்ளி திறந்திருந்த ஒரு வாரத்தில், பகல் வெளிச்சத்திலேயே ஆசிரியை அவர்களைக் கூடத்துக்கு வரவழைத்து வரைபடத்தாள் கொடுத்தார். சாய்வு 2, ஒய்-வெட்டுத்துண்டு −3 கொண்ட கோட்டை வரையச் சொன்னார். பாதிப் பேருக்கு மேல் முதல் புள்ளியிலேயே தடுமாறினார்கள். சிலர் −3-ஐ எக்ஸ் அச்சில் குறித்தார்கள். சிலர் 2-ஐ ஒரு புள்ளியாகவும் −3-ஐ இன்னொரு புள்ளியாகவும் வைத்து இணைத்தார்கள்.

"போன்ல சரியாப் போட்டியே, அது எப்படி?" என்று ஒரு மாணவனைக் கேட்டார்.

"இழுத்துக்கிட்டே இருந்தேன் டீச்சர். பச்சை ஆச்சு, விட்டுட்டேன்."

நிரலாளர் ஸ்லைடர் அசைவுப் பதிவை எடுத்துப் பார்த்தார். பெரும்பாலோர் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இழுத்து, திரும்பக் கொண்டுவந்து, பச்சை தெரிந்த இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். சாய்வு என்ற எண்ணை யோசிக்க வேண்டிய இடமே அந்தப் பக்கத்தில் இல்லை. கணக்கைப் போட்டது பக்கம், பிள்ளை அதற்கு விரல் கொடுத்திருந்தார். ஊடாடும் பக்கம் என்று பெருமையாகச் சொல்லப்படும் பலவற்றில் இதே குறை இருப்பதை அதற்குப் பிறகுதான் எனக்குக் கவனிக்கத் தோன்றியது.

முதல் முடிவு: முன்கூட்டிச் சொல்வது

ஆசிரியை கேட்டது எளிது. ஸ்லைடரைப் பூட்டுங்கள். பிள்ளை முதலில் சமன்பாட்டைப் பார்த்து, கோடு ஒய் அச்சை எங்கே வெட்டும் என்று விரலால் ஒரு புள்ளி வைக்கட்டும், கோட்டின்மேல் இன்னொரு புள்ளியும் வைக்கட்டும். பிறகு "பார்" என்ற பொத்தானை அழுத்தினால் உண்மைக் கோடு வரட்டும். பச்சை, சிவப்பு எதுவும் வேண்டாம். அவர் கோடும் உண்மைக் கோடும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் போதும், ஏன் விலகியது என்று ஒரு வரி அவரே எழுதட்டும்.

நிரலாளர் இதை ஏற்கவில்லை. "டீச்சர், விளையாட்டை எடுத்துட்டா யாரும் திறக்க மாட்டாங்க" என்றார். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. மாற்றிய முதல் வாரத்தில் பக்கத்தைத் திறந்தவர்கள் குறைந்தார்கள். பேச்சுக்குப் பிறகு நடுவழி ஒன்று வந்தது. மூன்று கோடுகளை முன்கூட்டிச் சொன்னால் ஸ்லைடர் திறந்துகொள்ளும், அதன்பின் எவ்வளவு வேண்டுமானாலும் இழுத்துப் பார்க்கலாம். என் கணிப்பில், அப்போது இழுத்தவர்கள் முன்பைவிட மெதுவாக இழுத்தார்கள். தாங்கள் எதிர்பார்த்தது நடக்கிறதா என்று பார்ப்பதற்காக இழுத்தார்கள்.

அளவுத்திட்டமும் மலை ரயிலும்

இன்னொரு தவறான முடிவும் பக்கத்திலிருந்தே பிள்ளைகளிடம் ஒட்டிக்கொண்டிருந்தது. திரையில் இரு அச்சுக்கும் ஒரே அளவு, எனவே சாய்வு 1 என்றால் 45 டிகிரி. தேர்வில் அப்படி வராது. எக்ஸ் அச்சில் 1 செ.மீ. = 1 அலகு, ஒய் அச்சில் 1 செ.மீ. = 2 அலகு என்று எடுத்தால் அதே கோடு படுத்துவிடும். சரியாக வரைந்த பிள்ளைகள்கூட "45 இல்லையே" என்று அழித்துவிட்டு மாற்றினார்கள்.

இதற்கு ஆசிரியை கையில் எடுத்தது மலை ரயில். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 326 மீட்டர், குன்னூர் சுமார் 1,712, உதகை சுமார் 2,203. பாதை நீளம் குன்னூர் வரை 28 கிலோமீட்டர், உதகை வரை 46. தூரம் எக்ஸ் அச்சில், உயரம் ஒய் அச்சில். முதலில் 1 செ.மீ. = 5 கிலோமீட்டர், 1 செ.மீ. = 250 மீட்டர் என்ற அளவில் தாளில் வரையச் சொன்னார். மேட்டுப்பாளையம்–குன்னூர் கோடு அந்த அளவில் ஏறத்தாழ 45 டிகிரியில் நிற்கும்.

"ரயிலு இப்படியா ஏறுது? நாங்க போயிருக்கோமே" என்று ஒரு மாணவி கேட்டார். ஆசிரியை எதிர்பார்த்திருந்த கேள்வி அதுதான். பக்கத்தில் ஒய் அச்சின் அளவையும் 1 செ.மீ. = 5 கிலோமீட்டர் என்று மாற்றச் சொன்னார். கோடு சட்டென்று படுத்தது. ஐந்தரை சென்டிமீட்டர் ஓட்டத்துக்கு மூன்று மில்லிமீட்டர்கூட ஏறவில்லை. சாய்வு என்ற எண் மட்டும் மாறவில்லை: 1,386 மீட்டர் ஏற்றம், 28,000 மீட்டர் ஓட்டம், ஏறக்குறைய 20-க்கு 1. குன்னூரிலிருந்து உதகைக்குக் கணக்கிட்டால் 37-க்கு 1 அளவுக்கு வரும்.

அடுத்த கேள்வியைப் பிள்ளைகளே கொண்டுவந்தார்கள். அந்தப் பாதையில் பல்சக்கரப் பகுதியின் (ரயிலின் பல்சக்கரம் தண்டவாளப் பற்களைப் பிடித்து ஏறும் பகுதியின்) செங்குத்தான ஏற்றம் சுமார் 12-க்கு 1 என்று ஒருவர் எங்கோ படித்திருந்தார். நமக்கு 20 வருகிறதே, எது சரி? கல்லாறு வரை பாதை கிட்டத்தட்டச் சமதளம், பல்சக்கரத் தண்டவாளம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில்தான். சமதளத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் சாய்வு குறையத்தானே செய்யும். பத்தாம் வகுப்புப் பாடத்தில் இல்லாத இடம் இது, வகை நுண்கணிதத்தின் வாசல். ஆசிரியை அந்த வகுப்பை முடிக்க மனமில்லாமல் நீட்டினார். பாடத்திட்டத்தில் அந்த வாரம் பின்தங்கினோம், அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

இரண்டாவது முடிவு: ஒரு போனுக்கு இருவர்

பதிவுகள் வந்து சேரும் நேரத்தை வரிசைப்படுத்தியபோது மாணவிகளின் விடைகள் இரவு பத்துக்கு மேல் அல்லது விடியற்காலையில் முடிக்கப்பட்டிருப்பது தெரிந்தது. விசாரித்தால் பல வீடுகளில் ஒரே பதில்: அண்ணனோ தம்பியோ வைத்துவிட்ட பிறகுதான் போன் கிடைக்கும். இது இணைய நிரலால் தீர்க்கிற சிக்கல் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை இருவர் இருவராகச் சேர்த்து, சனி ஞாயிறு பகலில் யார் வீட்டில் போன் இருக்கிறதோ அங்கே உட்காரச் செய்தோம். அம்மாக்களிடம் பேசித்தான் அது நடந்தது. கொழுந்து எடுத்துவிட்டு வரும் நேரம் பார்த்துப் பேச வேண்டியிருந்தது.

போன் பற்றாக்குறைக்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் கற்றலிலும் வேலை செய்தது. போன் கையில் இல்லாத பிள்ளை, புள்ளியை எங்கே வைக்க வேண்டும் என்று வாயால் சொல்ல வேண்டும். "கொஞ்சம் கீழே" என்றால் மற்றவர் "எத்தனை?" என்று கேட்கிறார். ஒய் −3 என்று சொல்லியே தீர வேண்டும்.

இருபடிச் சமன்பாடு: மறைந்திருந்த பிழை

நவம்பரில் பரவளையத்துக்கு, அதாவது இருபடிக் கோவையை வரைந்தால் வரும் வளைவுக்கு, வந்தோம். எக்ஸ்² − 2எக்ஸ் − 3 என்ற கோவையை எடுத்துக்கொள்வோம். எக்ஸ் −2 முதல் 4 வரை மதிப்புகள் 5, 0, −3, −4, −3, 0, 5. பக்கத்தில் சமன்பாட்டைத் தட்டினால் அட்டவணையும் வளைவும் உடனே வந்துவிடும். எக்ஸ் அச்சை −1-லும் 3-லும் வெட்டும், அவையே மூலங்கள். எல்லோரும் சரியாகச் சொன்னார்கள்.

தாளில் மீண்டும் சரிந்தது. ஒரு மாணவனின் அட்டவணையில் −3, −2, −3, −4, −3, 0, 5 என்று இருந்தது. குறை எண்ணை வர்க்கப்படுத்தினால் மிகை எண் என்பது அவருக்குப் பதியவில்லை, −2-இன் வர்க்கம் −4 என்றே எழுதியிருந்தார். ஆறாம், ஏழாம் வகுப்பிலிருந்து சுமந்துவந்த பிழை. பக்கம் தானே அட்டவணையை நிரப்பியதால் இத்தனை மாதமும் அது வெளியே தெரியவே இல்லை. தேடிப் பார்த்தபோது இன்னும் சிலரிடமும் அதே பிழை இருந்தது.

அன்றிரவே ஆசிரியை நிரலாளரை அழைத்தார். தானாக நிரப்பும் அட்டவணையை எடுத்துவிடச் சொன்னார். பிள்ளை எழுதும் மதிப்பு எதுவோ அதையே பக்கம் வரைய வேண்டும், தவறானாலும் திருத்தக் கூடாது. இந்த முறை நிரலாளர் மறுக்கவில்லை.

புதிய பக்கத்தில் அதே மாணவன் அதே மதிப்புகளைப் போட்டார். வலது கை மேலே ஏறியது, இடது கை ஏறாமல் கீழேயே நெளிந்து கிடந்தது. "ஒரு பக்கம் ஏறவே இல்ல டீச்சர்" என்றார். காரணிப்படுத்தினால் இரண்டு மூலம் வருகிறது, படத்தில் ஒன்றுதான் வெட்டுகிறது. எந்தப் புள்ளி சரியில்லை என்று அவரே இடப்பக்கத்திலிருந்து சரிபார்த்து வந்து −2-இல் நின்றார். அவரோடு இருந்த பிள்ளைதான் வர்க்கத்தைச் சுட்டிக்காட்டியது.

என்ன நடந்தது

பொதுத்தேர்வுக்கு முந்தைய திருப்புதல் தேர்வில் வரைபட வினாவை எழுதாமல் விட்டவர் எவருமில்லை. நேர்கோட்டில் தடுமாற்றம் கிட்டத்தட்ட நின்றது. பரவளையத்தில் முன்னேற்றம் சீராக இல்லை. அட்டவணை சரியானவர்களுக்கு வளைவு வந்தது, ஆனால் ஒரு பரவளையத்தையும் ஒரு நேர்கோட்டையும் வெட்டவைத்துத் தீர்வு காணும் வகை வினாவில் சிலர் கடைசிவரை நேர்கோட்டின் சமன்பாட்டைப் பெறுவதிலேயே நின்றார்கள். ஒரு மாணவனின் குடும்பம் ஆண்டின் நடுவில் திருப்பூருக்குப் போய்விட்டது. சில நாள் அங்கிருந்தும் விடைகள் வந்தன, பிறகு வரவில்லை.

இந்த முன்னேற்றத்தில் பக்கங்களின் பங்கு எவ்வளவு, பள்ளி ஆசிரியர்களின் பங்கு எவ்வளவு, வார இறுதியில் இருவராக உட்கார்ந்ததன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இந்தச் சிறு குழுவை வைத்து முடியாது. மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தன.

அடுத்த முறை மாற்றுவது

காணொளி அழைப்பு பாடத்துக்கு வேண்டாம், குரல் செய்தியே போதும். வரைபடத்துக்கு ஆசிரியை அனுப்பிய இரண்டு நிமிடக் குரல் செய்திகளைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், அவை டேட்டாவையும் தின்னவில்லை. எந்தப் பக்கத்தையும் ஊரில் உள்ள மிகப் பழைய போனில் திறந்து பார்த்த பிறகே அனுப்புவது. இருவர் முறையை முதல் வாரத்திலேயே தொடங்குவது, மாணவிகளுக்கான பகல் நேரத்தை வீடுகளில் முன்பே பேசி வைப்பது.

ஸ்லைடர் பற்றி நிரலாளருக்கும் ஆசிரியைக்கும் இன்னும் ஒத்த கருத்து இல்லை. சாய்வு மாறும்போது கோடு திரும்புவதைக் கண்ணால் பார்ப்பதற்கு ஈடு எதுவுமில்லை என்கிறார் நிரலாளர். முதலில் பென்சில், பிறகுதான் விரல் என்கிறார் ஆசிரியை. புதிய ஆண்டுக்கான பக்கங்களில் இரண்டும் இருக்கின்றன, வரிசை மட்டும் ஆசிரியை சொன்னபடி. ஜூனில் முதலில் திறக்கும் பக்கம் நேர்கோடு கிடையாது. பிள்ளையே மதிப்பை எழுதி நிரப்ப வேண்டிய குறை எண் வர்க்க அட்டவணை.